சிரட்டைக்குள்ளே கடல்

"அப்ப நீ இன்னும் கட்டல?"

"இல்ல அண்ணாச்சி."

"கட்டாமலா மாட்டுத? ஏலே, காது என்ன வாடகைக்கு வாங்கினதா? மட்டக்கடைப் பக்கம் ஒருத்தனுக்கு இடது காதுல இருந்து உப்புத்தண்ணி ஒழுகுதாம்லே!"

டீக்கடை நயினார் அண்ணாச்சி கேட்டது தாலியைப் பற்றி அல்ல, ஹெட்போனைப் பற்றி. எழுபத்தெட்டாம் வருஷத்துத் தூத்துக்குடியில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு கவலைதான். மகளுக்குக் கல்யாண வயசு தாண்டினாலும் "பாப்போம்" என்று இருந்தவர்கள், கட்டாத ஹெட்போன் ஒன்று வீட்டுக்குள் இருந்தால் சோறு இறங்காமல் தவித்தார்கள்.

புதுத் துறைமுகம் வந்தபின் கப்பல் சாமானும் ஊருக்குள் வந்தது. முதலில் சென்ட், அப்புறம் மடக்குக் குடை, அதற்கப்புறம் ஹெட்போன். கப்பலில் மச்சானோ மருமகனோ உள்ள வீட்டில் எல்லாம் ஆணியில் ஒன்று தொங்கியது. அதைச் செருக டேப் ரிக்கார்டர் பல வீடுகளில் கிடையாது. அதனால் என்ன? சும்மா மாட்டிக்கொண்டு வாசலில் உட்காரலாமே!

அப்படிச் சும்மா மாட்டியவர்களுக்குத்தான் அது முதலில் கேட்டது. 'ஊ' என்று ஓர் இரைச்சல். ஒயர் எதிலும் செருகவில்லை, கரண்டும் இல்லை, ஆனாலும் கேட்டது. சங்கைக் காதில் வைத்தால் கேட்குமே, அதே சத்தம். சங்கு குளிக்கிற ஊரில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாராவது சொல்லித் தர வேண்டுமா? கடல்தான்!

கடல் ஏன் இந்து மகா சமுத்திரத்தை விட்டுவிட்டு ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் வந்து உட்கார்ந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத கேள்விக்கு ஒருவர் மட்டும் பதில் வைத்திருந்தார். அவர் பெயர் அம்புரோஸ் அண்ணாவி.

அண்ணாவி போன வருஷம்வரை மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் நேரத்தில் அவருடைய ஒலிபெருக்கி "கொர்" என்று குறட்டை விட்டுப் படுத்துவிட்டது. அதோடு அந்தத் தொழிலும் படுத்தது. அப்போதுதான் தன் பாட்டனாருக்குப் பாட்டனார் கடல்கட்டி என்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

கடல்கட்டி தெரியும்தானே? முத்துக் குளிக்க ஆள் இறங்குமுன் மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர். சுறா கடிக்கவில்லை என்றால் அவருக்குப் பெருமை. கடித்துவிட்டால் குளித்தவனுடைய மனசு சுத்தமில்லை. இப்படியொரு சேதமில்லாத உத்தியோகம் வேறு எங்கும் கிடைக்காது. முத்துக் குளிப்பு நின்று பதினேழு வருஷமாகிவிட்டது. வாயைக் கட்ட ஆளில்லாமல் சுறாக்கள் பாட்டுக்குத் திரிகின்றன. அண்ணாவி பார்த்தார். சுறா போனால் போகட்டும், ஹெட்போன் இருக்கிறதே! கடல் தாண்டி வந்த சாமானுக்குள் கடல் புகுந்துவிடுகிறது, அதைக் கட்டாவிட்டால் காது போய்விடும் என்றார். 'செவிகட்டி' என்று பலகை மாட்டினார். பத்து ரூபாயும் ஒரு படி அரிசியும் காணிக்கை. நயினார் கடைக்கு எதிரே அண்ணாவி வீட்டு வாசலில் ஆலந்தலையிலிருந்தும் ஏரலிலிருந்தும் வந்த கூட்டம் டீயும் வடையுமாக நின்றது. நயினார் அண்ணாச்சிக்கு ஏன் அவ்வளவு நம்பிக்கை என்று இப்போது புரிந்திருக்குமே.

சரி, நம் மனுவேலுக்கு வருவோம். ஹார்பரில் மூட்டை எண்ணும் டாலி கிளார்க். வயசு இருபத்துநாலு. நின்ற இடத்தில் நிற்க மாட்டான். மாடி அறைச் சுவர் முழுக்கச் சாக்கைத் தைத்து மாட்டி, உத்தரத்தில் ஒரு மைக்கைத் தொங்கவிட்டு, ஒரு பழைய ஸ்பூல் டேப் ரிக்கார்டரையும் தானே செய்த மிக்சர் பெட்டியையும் வைத்து, அதற்கு 'ஸ்டுடியோ' என்று பெயரும் வைத்திருந்தான். மிக்சர் என்றதும் வாயைத் திறக்க வேண்டாம். பாட்டில் எது கூட, எது குறைய என்று திருகிச் சரிபார்க்கும் நாலு குமிழ் வைத்த பெட்டி.

இத்தனையும் ஒரு குரலுக்காக. உப்பு மூட்டை எண்ணப் போன இடத்தில், உப்புக் குவித்த அம்பாரத்தின்மேல் நின்றபடி அருணாசலவடிவு பாடியதைக் கேட்டான். உப்பளத்தில் வேலை பார்க்கிறவள். கேட்டவன் எண்ணிக்கையை விட்டுவிட்டான். அந்தக் குரலை ஸ்பூலில் பிடித்து வானொலி நிலையத்துக்கு அனுப்பினான். பதில் வந்தது: "பாடகியின் குரல் அமுங்கிக் கேட்கிறது. மாதக் கடைசிக்குள் மறுபதிவு அனுப்பினால் பரிசீலிக்கப்படும்." இன்னும் ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்.

முதல் தடவை மனுவேல் கேட்டுச் சரிபார்த்தது, ஒரு காது செத்துப்போன ஓசி ஹெட்போனில். குற்றம் அங்கே இருக்கலாம் என்று அவனுக்கே பட்டது. காயல்பட்டினத்துக்காரர் காஜா முஹ்யித்தீன் காக்காவின் கப்பல் சாமான் கடைக்கு ஓடினான். காக்கா (அந்த ஊரில் அண்ணனுக்கு அதுதான் பேர்) மூன்றை எடுத்து வைத்தார். கறுப்பாகக் கனமாக ஒன்று, வெள்ளியாக மின்னுகிற ஒன்று, சாம்பல் நிறத்தில் ஏதோ தப்பித் தவறி வந்ததுபோல ஒன்று.

கறுப்பை மாட்டியதும் மனுவேல் சொக்கிப்போனான். தபேலா நெஞ்சுக்குள் அடித்தது. குரல் தேனில் ஊறி வந்தது.

"அந்தச் சாம்பலு எப்படி காக்கா?"

"அத எவனும் சீந்தல தம்பி. சப்புன்னு இருக்குங்கான்."

கறுப்பையே வாங்கினான். நேரே நயினார் கடைக்கு வந்தான். மீதியை நீங்கள்தான் முதலிலேயே கேட்டீர்களே.

செவிகட்டி அண்ணாவி கறுப்பு ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடினார். "ஏயப்பா! உள்ள சுழிக்காத்து அடிக்கி." கறுப்பு நூலைச் சுற்றினார். உப்பைத் தூவினார். கடைசி முத்துக் குளிப்பில் எடுத்தது என்று ஒரு பொடி முத்தை எடுத்து, ஏதோ பசை தொட்டு, இடது கிண்ணத்துக்குள் ஒட்டினார். பிறகு அடிவயிற்றிலிருந்து மந்திரம் வந்தது:

"டெட் சுலோ அகெட்டு... டெட் சுலோ அகெட்டு... மிட்சிப்பூ... ஆர்டா போர்ட்டு... ஆஸ்டர்ன் சுலோவ்... ஆமென்!"

கப்பலைக் கரையில் கட்டும்போது, 'மெதுவா முன்னே போ, இடப்பக்கம் திருப்பு' என்று இங்கிலீஷில் பைலட் போடுகிற சத்தம் அது. தினமும் காலை எட்டு மணிக்கு மனுவேல் காதில் விழுவது. வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் ஹார்பர்காரர்கள். ஒருவருக்காவது தெரிந்ததா? ராகம் போட்டுச் சொன்னால் சொந்தப் பெயரே மந்திரமாகிவிடும்போல. மனுவேல் கைகூப்பி நின்றான்.

"போன பதிவு ஏன் போச்சுன்னு தெரியுமா?" என்றார் அண்ணாவி. "காது மட்டும் இல்ல. பாடுற பிள்ளைக்குத் தொண்டையில உப்பு ஏறியிருக்கு. கூட்டிட்டு வா."

வடிவு வந்தாள். கழுத்தில் கறுப்பு நூல் ஏறியது. இருபத்தோரு நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. மாதம் முடிய இருந்தது பதினைந்து நாள். அண்ணாவிக்குப் பாட்டு தெரியும், கணக்கு தெரியாது.

"அதுக்குள்ள தேதி போயிருமே?" என்று வடிவு கேட்கத்தான் நினைத்தாள். ஆனால் வாயைத் திறக்கக் கூடாதே! தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். மனுவேல் கவலைப்படவில்லை. பழைய பதிவுதான் இருக்கிறதே, கட்டின ஹெட்போனில் கேட்டுச் சரிபண்ணி அனுப்பிவிடலாம் என்று மாடி ஏறினான்.

ஒன்பது நாள் ஏறினான். கறுப்பில் எல்லாமே இனித்தது. அடிச் சத்தம் கூடுதலாகக் கேட்டதா, குறைத்தான். குரல் போதுமான அளவு தித்தித்ததா, அதையும் ஒரு திருகு குறைத்தான். என்ன குறைத்தாலும் இனித்தது.

ஒன்பதாம் நாள் அவன் அக்கா பிளாரன்ஸ் மாடிக்கு வந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டர். டிரங்க் கால் போடுகிறவள். தம்பி ஹெட்போனைக் கழற்றிக் காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

"என்னலே, காது வெந்த கத்தரிக்கா மாதிரி இருக்கு?"

"கொஞ்சம் அழுத்தும்க்கா. வேர்க்கும். முத்து வேல செய்யிதுல்லா, அப்படித்தான் இருக்கும்."

"முத்தா? அதுக்கு ஏன்லே எறும்பு வருது?"

வந்திருந்தது. மேசைக் காலிலிருந்து இடது கிண்ணம்வரை வரிசையாக. பிளாரன்ஸ் விரலை விட்டுத் தொட்டு மோந்து பார்த்தாள். உடன்குடிக் கருப்பட்டிப் பாகு! அதுதான் பசை. முத்து வேர்வையில் ஊறிக் கொழகொழவென்று இருந்தது.

"கடல் எறும்பா இருக்குமோ?" என்றான் மனுவேல். கேட்டானே, உண்மையாகவே கேட்டான்.

பிளாரன்ஸ் அந்தப் பாட்டைக் கீழே ரேடியோ ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். வடிவின் குரல் தகர டப்பாவில் மாட்டிய கொசுபோல வந்தது.

"ஸ்பீக்கரு கெட்டுப்போச்சுக்கா."

"உம் புத்திதாம்ல கெட்டுப்போச்சு. இந்தக் கறுப்புச் சனியன் எதைக் கொடுத்தாலும் சீனி போட்டுல்லா தருது. பதநீருல சீனியப் போட்டுக் குடிச்சா, பதநீரு எப்படி இருக்குன்னு எவன் சொல்லுவான்? நீ இனிக்குதுன்னு நெனச்சு வடிவக்கா குரலையே குறைச்சு வச்சிருக்க!"

"நீ எக்ஸ்சேஞ்சுல நம்பரு போடுறவ. பாட்டப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"எங்க ஆபீஸ் ஹெட்போன் பேச்சுக்குத்தான் லாயக்கு, பாட்டுக்கு ஆகாது. ஒத்துக்கிடுதேன். ஆனா எட்டு மணி நேரம் காதுல மாட்டிக்கிட்டு உக்காருறவ நான். எது கனக்கும், எது அழுத்தும், எது உள்ளத உள்ளபடி சொல்லும்னு எனக்குத் தெரியும். திரும்பப் பதியணும்ல. வடிவக்காவக் கூப்பிடு."

"அவங்க பேசக் கூடாதே! இன்னும் பன்னெண்டு நாள்."

"தேதிக்கு?"

"...ஆறு நாள்."

பிளாரன்ஸ் அடுக்களைக்குப் போனாள். கோபம் வந்தால் தேங்காய் துருவுகிறவள் அவள். அன்று துருவிய துருவலில் மூன்று வீட்டுக்குச் சட்னி அரைக்கலாம்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து செவிகட்டி வாசலில் கூட்டம். மனுவேல் வந்தான். வாய் மூடிய வடிவும் வந்தாள், நூலை ஒரு தடவை காட்டிவிட்டுப் போக. பிளாரன்ஸ் கையில் ஒரு பொட்டலம். முதலில் அந்த முத்தை எடுத்து நீட்டினாள்.

"அண்ணாவி, இது நீங்க கட்டின முத்துதானே? சூடு பட்டா ஒண்ணும் ஆகாதே?"

"அசல் முத்து யம்மா! கொதிக்கிற எண்ணெயில போட்டாலும் அப்படியே கெடக்கும்."

"நயினார் அண்ணாச்சி, இதக் கொஞ்சம் கொதிதண்ணி கிளாஸுல போட்டு பாய்லர் மேல வைங்க." நயினார் வாங்கி வைத்தார். பிளாரன்ஸ் பொட்டலத்தைப் பிரித்தாள். கறுப்புத் துணி சுற்றிய இரண்டு கிண்ணம், நடுவே வளைந்த கம்பி, கீழே ஓர் ஒயர் வால். "புதுசா ஜப்பானு ஹெட்போன் வந்திருக்கு. தம்பிக்கு மாத்தி வாங்கினேன். கட்டித் தரணும்."

அண்ணாவி கையில் தூக்கிப் பார்த்தார். "ஆகா! என்னமா கனமில்லாம செஞ்சிருக்கான் பாத்தியளா! இதுக்குத்தான் ஜப்பான்காரன்ங்கது." மாட்டினார். கண்ணை மூடினார். உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"யம்மாடி! இது நம்ம கடல் இல்ல. சுத்தமான ஜப்பான் கடல். அலை ஒவ்வொண்ணும் பனை உசரம்!"

கூட்டம் முன்னே நெருக்கியது. ஒரு பெரியவர் வாங்கி வைத்துக் கேட்டுவிட்டு, "ஆமா, நம்ம கடல விடக் கொஞ்சம் வேகம்தான்" என்று சாட்சி சொன்னார். அடுத்தவர் குளிர்கிறது என்றார். நூல் சுற்றியது, உப்பு விழுந்தது, முத்து ஒட்டியது, டெட் சுலோ அகெட்டு முழங்கியது. அண்ணாவி மறுபடி மாட்டினார்.

"இப்ப எப்படி அண்ணாவி?"

"கொளத்துத் தண்ணி மாதிரி அடங்கிட்டு. பயமில்லாம மாட்டலாம்."

பிளாரன்ஸ் வாங்கினாள். பிளேடால் தையலைப் பிரித்தாள். பழைய குடைத் துணி கழன்று விழுந்தது. குடைக் கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு தேங்காய்ச் சிரட்டை. அதில் ஒன்று மூன்று கண்ணாலும் கூட்டத்தைப் பார்த்தது.

"இது நேத்து எங்க வீட்டுச் சட்னி, அண்ணாவி."

உண்மையான கடல்கூட இரைச்சலைக் கொஞ்சம் நிறுத்தியதுபோல இருந்தது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து, பத்து நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு குரல் வெடித்தது.

"ஏளா, சிரட்டையா!"

வடிவுதான். சொல்லிவிட்டு வாயைப் பொத்தினாள். பொத்திய கையையும் மீறிச் சிரிப்பு வந்தது. அம்பாரத்து உச்சியிலிருந்து உப்பு சரிவதுபோலச் சரசரவென்று ஒரு சிரிப்பு. நயினார் கிளாஸைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கரண்டியில் கண்ணாடிபோல உப்பிய ஒரு உருண்டை.

"முத்து வெந்துட்டு யம்மா!"

"முத்து இல்ல அண்ணாச்சி. ஜவ்வரிசி. இன்னும் ரெண்டு படி சேத்தா பாயாசம் வச்சிரலாம்."

அண்ணாவி சும்மா விடுகிறவரா? தொண்டையைச் செருமினார். "அந்தச் சிரட்டை எங்க காய்ச்சது? கடலோரத் தென்னைலதானே! அதான் கடல் உள்ள வந்திருக்கு." இரண்டு பேர் தலையாட்டினார்கள். சத்தியமாக, இரண்டு பேர்!

பிளாரன்ஸ் பெருமூச்சு விட்டாள். "எல்லாரும் கையில இருக்க டீயக் குடிச்சு முடிங்க. காலிக் கிளாஸக் காதுல பொத்தி வைங்க."

அந்தக் காட்சியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நாற்பது பேர் நாற்பது டீ கிளாஸைக் காதில் கவிழ்த்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார்கள். ஒவ்வொருவர் முகமும் ஒவ்வொன்றாக மாறியது.

"கேக்குதா? நம்மளச் சுத்தி இருக்க சத்தம்தான் குழிவுக்குள்ள போயி சுத்துது. சங்குலயும் அதுதான், சிரட்டையிலயும் அதுதான். கடலு அதோ, அங்கனதாம் கெடக்கு. அதுக்கு வேற சோலி இருக்கு."

ஒரு ஹார்பர்காரர் கிளாஸை இறக்கிவிட்டு மெல்லக் கேட்டார். "அண்ணாவி, டெட் சுலோ அகெட்டுன்னா... நம்ம பைலட்டு சொல்லுததுல்லா?"

அண்ணாவி பலகையைக் கழற்றினார். பெரிய மனசுக்காரர்தான், கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "யம்மா, உங்க எக்ஸ்சேஞ்சுல வேல ஏதும் காலி இருக்கா?" என்றார். வடிவு பிளேடை வாங்கித் தன் கழுத்து நூலைத் தானே அறுத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானமே காஜா காக்கா மூன்று ஹெட்போனோடும் மாடிக்கு வந்துவிட்டார். வேடிக்கை பார்க்கத்தான். பிளாரன்ஸ் வைத்த சோதனை சாதாரணமானது. வடிவு அறையில் நின்று பாட, மனுவேல் வெறும் காதால் கேட்டான். உடனே அதே பாட்டை டேப்பிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்டான். கறுப்பில் வடிவுக்கு யாரோ பாயாசம் ஊட்டியிருந்தார்கள். வெள்ளியில் அவளுக்கு ஜலதோஷம். சாம்பலில்... எதிரே நின்றவளே நின்றாள். இரண்டாவது அடியில் அவள் வாங்கிய மூச்சும், உப்புக் காற்றில் கொஞ்சம் கரகரத்த அந்த இடமும் அப்படியே.

"சப்புன்னு இருக்கோ?" என்றார் காக்கா.

"இல்ல காக்கா. வடிவக்கா மாதிரி இருக்கு."

"இன்னும் முடியல," என்றாள் அக்கா. "ஒரு மணி நேரம் மாட்டிக்கிட்டு இறால் உரி." உரித்தான். முடிந்ததும் கை கழுவத் தெருக் குழாய்க்குப் போனான். காதில் சாம்பல், பின்னால் ஒயர் வாலாட்டிக்கொண்டு. மாட்டியிருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. தெரு சிரித்தது. "இப்ப வாங்கு," என்றாள் பிளாரன்ஸ்.

புதுப் பதிவு போனது. தேதிக்கு ஒரு நாள் முந்தி. அடுத்த மாதம் கடிதம் வந்தது: "குரல் தெளிவாக உள்ளது. பாடகி நேரில் வரவும்." வடிவு அதை மூன்று பேரிடம் கொடுத்து மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மூன்றும் ஒரே மாதிரிதான் இருந்தன.

மனுவேல் டீக்கடைக்கு ஓடினான். நயினார் அண்ணாச்சி கடிதத்தை நிதானமாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்:

"பாத்தியாலே? அண்ணாவி தொண்டையில கட்டின கட்டு வேல செஞ்சுட்டு!"

செவிகட்டியார் இப்போது விளாத்திகுளத்தில் இருக்கிறாராம். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குக் கட்டுகிறாராம். கூட்டம் தாங்கவில்லையாம். அங்கேயும் டீக்கடை இருக்கிறது, கிளாஸ் இருக்கிறது, ஆளுக்கு இரண்டு காது இருக்கிறது. காதில் வைத்துப் பார்க்கத்தான் யாருக்கும் கை வரவில்லை. உங்கள் வீட்டில் ஒரு சிரட்டை கிடக்கும்தானே? கொஞ்சம் எடுத்துக் காதில் வையுங்களேன். கேட்கிறதா? அது கடலா, இல்லை இரண்டு காதுக்கும் நடுவே நாமே காலியாகப் போட்டு வைத்திருக்கிற இடமா? நீங்க என்ன சொல்லுதிய?